அசையாமல் நிற்கச் சொன்னது யார்?

கடந்த குடியரசு நாளன்று, நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் காலனியின் பிள்ளைகள் சிலர் அவர்கள் படிக்கும் பள்ளியில் மேடையேறினார்கள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, அசைவும் கிடையாது. திரை விலகும்போது எல்லோரும் ஒரு படம்போல உறைந்து நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியர் விளக்கம் வாசிப்பார். வாசித்து முடித்ததும் திரை மூடும். நடுவில் வெள்ளைச் சேலை, கிரீடம், கையில் கொடியோடு பாரத மாதா. இரு பக்கமும் ராணுவ வீரர், மருத்துவர், விஞ்ஞானி, கலப்பை தூக்கிய விவசாயி. முன்வரிசை ஓரத்தில் துடைப்பத்தோடு குனிந்தபடி இரண்டு சிறுவர்கள். அந்த இருவரும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள்.

"ஏழு நிமிஷம் குனிஞ்சே நின்னேண்ணா. முதுகு நோவுது" என்று அன்று மாலை ஒருவன் சொன்னான். அவன் அம்மா தூய்மைப் பணியாளர். விடியற்காலை வேலையை முடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டோம். "புள்ள ஆடாம நல்லா நின்னுச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஆசிரியரிடம் பேசினோம். குள்ளமான பையன்களை முன்னால் நிறுத்தினோம், வேறு காரணம் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறோம். எங்களைத் தொந்தரவு செய்வதும் அதுதான். பாரத மாதா யார் என்று யோசிக்கும்போது கண் தானாக ஒரு பக்கம் போகிறது, துடைப்பம் யார் கையில் என்று யோசிக்கும்போது தானாக இன்னொரு பக்கம் போகிறது. யாரும் யாரையும் வைதுவிடவில்லை. ஏழு நிமிடத்தில் ஊரும் சேரியும் மேடையில் அமைந்துவிட்டன.

நம் பிள்ளைகள் இந்தக் கலையை 'ஸ்டாச்சு' என்கிறார்கள், தெருவில் ஆடும் விளையாட்டின் பெயரிலேயே. பிரெஞ்சில் 'தாப்லோ விவான்', உயிருள்ள படம் என்று பொருள். அதில் பாதியைப் பிய்த்து 'டேப்ளோ' என்று நாடகக்காரர்களும் குடியரசு நாள் அணிவகுப்புக்காரர்களும் வைத்துக்கொண்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் வந்து போகும் அற்ப விஷயம் என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இதன் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நிற்பவர் யார், நிறுத்தியவர் யார்?

ஐரோப்பாவில் அரசர்கள் நகரத்துக்குள் நுழையும்போது வழிநெடுக வளைவுகளில் வேடமிட்டவர்களை அசையாமல் நிறுத்தி வரவேற்கும் வழக்கம் இடைக்காலத்திலேயே இருந்தது. அது மேல்தட்டு வீடுகளின் கூடத்துக்குள் வந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதற்குப் பேர்போனவர் எம்மா. கொல்லர் மகள், வீட்டு வேலைக்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவரை வைத்திருந்த சீமான், நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தன் தாய்மாமன் வில்லியம் ஹாமில்டனிடம் அவரை அனுப்பிவைத்தார். ஒரு பொருளைக் கைமாற்றுவதுபோலத்தான் அது நடந்தது. பழங்காலக் கலைப்பொருள் சேகரிப்பில் பித்துக்கொண்ட ஹாமில்டன், தன்னிடமிருந்த ஜாடிகளில் வரைந்திருந்த உருவங்களைப்போல எம்மாவை நிற்கவைத்து விருந்தினருக்குக் காட்டினார். 1787-இல் அதைப் பார்த்தவர்களில் ஜெர்மானியக் கவிஞர் கோதேவும் ஒருவர். 1809-இல் வந்த தன் நாவலிலும் அவர் இந்தப் பொழுதுபோக்கைக் கதையின் பகுதியாக வைத்தார். பிறகு விக்டோரியா காலத்துச் சீமாட்டிகளுக்கு இது மாலைநேர விளையாட்டானது. புகழ்பெற்ற ஓவியத்தைப்போல வேடமிட்டு, சட்டத்துக்குப் பின்னால் நிற்பார்கள், விருந்தினர் கைதட்டுவார்கள்.

இதன் இன்னொரு முனையும் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. 1930-களில் லண்டனின் விண்ட்மில் அரங்கில் ஆடையில்லாப் பெண்களை மேடையேற்றத் தணிக்கை அதிகாரி அனுமதித்தார். நிபந்தனை ஒன்றுதான்: அசையக்கூடாது. அசையாவிட்டால் சிலை, கலை. விரல் அசைந்தால் ஆபாசம், குற்றம். மேடையின் மேலே நிற்கும் பெண்ணுக்கு மட்டும் சட்டம், கீழே உட்கார்ந்து பார்ப்பவர் எப்படி வேண்டுமானாலும் அசையலாம்.

காலனிய இந்தியாவின் வெள்ளையர்களும் தங்கள் கிளப்புகளிலும் பங்களாக்களிலும் இதே விளையாட்டை ஆடினார்கள். ஆனால் நம் மண்ணில் அவர்கள் அமைத்த உயிருள்ள படங்களில் நம் மனதை விட்டு அகலாதவை வேறு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிகளின் கதைகளில் கேட்டிருப்போம். மொத்தச் சாவு ஐம்பது லட்சத்தைத் தாண்டும் என்பது வரலாற்றாளர்களின் கணக்கு. இன்றைய திருவள்ளூர், பொன்னேரி வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. நிலமில்லாதவர், அன்றாடக் கூலியை நெல்லாக வாங்கித் தின்றவர், கடன்பட்டு அடிமையாக இருந்தவர்தான் முதலில் விழுந்தார்கள். அவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு மண் வெட்டியவர்கள்தான் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டைத் தோண்டினார்கள்.

அந்தப் பஞ்சத்தில் காமிராவோடு திரிந்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. அவர் எடுத்த படங்கள் இன்றும் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன, பலரும் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பு துருத்திய ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சட்டென்று பார்த்தால் பசி மட்டுமே தெரியும். இன்னொரு முறை பாருங்கள். சிலரை முன்னால் உட்கார வைத்திருக்கிறார், சிலரைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார், குழந்தையை மடியில் சாய்த்திருக்கிறார். எல்லா முகமும் காமிராவுக்குத் தெரிய வேண்டும், எல்லா எலும்பும் எண்ணும்படி இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுப்பவர் ஆட்களை அடுக்குவதுபோலச் சாகக்கிடந்தவர்களை அடுக்கியிருக்கிறார். அக்காலக் காமிராவுக்கு ஆள் அசையாமல் இருக்க வேண்டும். ஸ்டூடியோக்களில் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பி வைத்து ஆளைப் பிடித்து நிறுத்துவார்கள். இங்கே அதற்குத் தேவையே இல்லாமல் பசியே பிடித்துக்கொண்டது.

படம் எடுத்த பிறகு அவர்களுக்குச் சோறுகூடப் போடாமல் அனுப்பிவிட்டார் என்று ஹூப்பரைக் கேலி செய்யும் கதை அக்காலத்து வெள்ளையரிடமே உலவியது. கதை கிடக்கட்டும். அதே ஹூப்பர் 1886-இல் மாண்டலேயில் ராணுவக் காவல் தலைமை அதிகாரியாக இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் நொடியைப் படமெடுக்கக் காமிராவோடு நின்றார். துப்பாக்கிகள் குறிவைத்த நிலையிலேயே காத்திருக்க, இவர் தகடு தயாரான பிறகே சுடும் உத்தரவு வந்தது என்று குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை நடந்து, கண்டனமும் பெற்றார். மாண்டலேக்கு ஒரு விசாரணையாவது நடந்தது. சென்னை மாகாணத்துப் பஞ்சப் படங்களுக்கு அதுவும் இல்லை. படத்தில் இருப்பவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆவணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சம் ஓய்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் இதே வட்டாரத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதில் படம் இல்லை. குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, ஒரு சிறு கடனுக்காக ஆயுள் முழுக்க ஒருவர் பிணைக்கப்படுகிறார், தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதாரர்கள் தடுக்கிறார்கள் என்று நடப்பதை எழுதினார். யார் எதைச் செய்கிறார், அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்பது அதில் இருந்தது. 1892-இல் வந்த அரசாணையும் பஞ்சமி நிலமும் அந்த எழுத்தின் விளைவுகள். ஹூப்பரின் படத்தில் பசித்தவர் மட்டும் இருக்கிறார், பசிக்க வைத்தவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். உறைந்த படத்தின் பெரிய வசதியே அதுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, காரணமும் இல்லை.

1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலை இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்கு மேற்கோள் காட்டுகின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த அவர் ஆட்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அந்த அளவும் ஆள் அசையாமல் நின்றால்தான் எடுக்க முடியும். 1902-இல் பாரிஸின் பூங்கா ஒன்றில் 'மலபார்கள்' என்று பெயரிட்டு நம் பக்கத்து மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள். விலங்குகளைப் பார்க்கக் கட்டணம் வாங்கிய அதே பூங்காதான் அது.

வெள்ளையரோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதியாக இருக்கும். நம்மவர் மேடைக்கும் வருவோம்.

பார்சி நாடகக் குழுக்கள் வழியாக நம் கம்பெனி நாடகங்களுக்கும் டேப்ளோ வந்தது. காட்சியின் உச்சத்தில் எல்லோரும் அப்படியே உறைவார்கள், திரை இறங்கும், கொட்டகை கைதட்டலில் அதிரும். அந்த உறைநிலைகளுக்கு மாதிரி தந்தவை பெரும்பாலும் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள். 1913-இல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று படித்திருக்கிறோம். அது அரச குடும்பம் ரவிவர்மா ஓவியம்போல அழகாக அமைந்து நிற்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது. மகனுக்கு அரசர் வில்வித்தை சொல்லித் தருகிறார், அரசி பார்த்துக்கொண்டிருக்கிறார். நடிக்கப் பெண்கள் முன்வராததால் அந்த அரசி வேடத்தில் உணவகத்தில் வேலை செய்த சலுங்கே என்ற ஆண் நின்றார்.

இந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்று நமக்குத் தெரியும். சத்தியத்துக்காக அரசன் எல்லாம் இழந்து, கடைசியில் சுடுகாட்டுக் காவலனுக்கு அடிமையாகிப் பிணம் எரிக்கிறான். பார்ப்பவர் அங்கேதான் அழ வேண்டும். ஒரு மனிதன் இதற்குக் கீழே விழ முடியாது என்பதற்கு நம் தாத்தாவின் அன்றாட வேலையை அடையாளமாக வைத்த கதை அது. நம் ஊர்ச் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. பிணத்தை இறக்கி வைத்து அங்கே சடங்கு செய்து பாடுவது நம் ஆட்கள். சில நாள் அந்த வேலையைச் செய்த அரசனுக்குக் காவியமும் நாடகமும் சினிமாவும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாகச் செய்தவருக்கு வாய்க்கரிசிக் காசுதான்.

நந்தனாருக்கு வருவோம், அவரும் நம் பள்ளி மேடைகளில் அடிக்கடி உறைந்து நிற்பவர்தான். திருப்புன்கூர்க் காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. கோயிலுக்கு வெளியே கைகூப்பிய நந்தனார், உள்ளே லிங்கம், மறைக்காமல் ஒதுங்கிய நந்தி. காலண்டரிலும் கோயில் சுவரிலும் மாறுவேடப் போட்டியிலும் இந்த ஒரே நொடிதான். எவ்வளவு பெரிய கருணை என்று பக்தர்கள் உருகுகிறார்கள். நாங்கள் பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் காட்டி, இதில் யார் அசைந்தது என்று கேட்போம். மாடு அசைந்தது என்பார்கள். யார் அசையவில்லை? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தத் தாத்தா என்பார்கள். கல் நந்தி நகர்ந்தது, வாசல் நகரவில்லை, மனிதனும் உள்ளே போகவில்லை. தில்லைக்குள் போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கியபோது அந்தப் படத்தை அசைக்கும் வேலையைத்தான் தொடங்கினார் என்று எங்களுக்குத் தோன்றும். கைகூப்பி நின்றவரின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்.

எங்கள் திருநின்றவூருக்கும் பெரியபுராணத்தில் இடம் உண்டு. பூசலார் கல்லும் மண்ணும் இல்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைத்துவிட்டு இறைவன் இங்கே வந்தான் என்பது கதை. மனதுக்குள் கட்டிய கோயிலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தாரா என்று ஒரு பிள்ளை கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது டெல்லிக்குப் போகும் அலங்கார ஊர்திகள். 2022-இல் வேலு நாச்சியாரும் வ.உ.சி.யும் பாரதியும் இருந்த தமிழ்நாட்டு ஊர்தியை ஒன்றிய அரசு நிராகரித்தபோது மாநிலமே கொதித்தது. முதலமைச்சர் கடிதம் எழுதினார். சென்னையில் ஓடிய ஊர்திகள் பிறகு மாவட்டங்களுக்கும் போயின, மக்கள் திரண்டு பார்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, நாமும் கோபப்பட்டோம். 2024-இல் நம் ஊர்தி டெல்லியில் ஓடியது. அதன் பொருள் குடவோலை முறை: உத்திரமேரூர், சோழர் காலத் தேர்தல், மக்களாட்சியின் தாய். அந்த முறை கைதட்டல்தான், கோபம் எங்கும் இல்லை.

உத்திரமேரூர் நமக்குத் தூரமில்லை, பக்கத்து மாவட்டம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில், 919, 921 என்ற ஆண்டுகளில் வெட்டப்பட்டவற்றில், குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. வரி செலுத்தும் சொந்த நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைவாக இருந்தால் வேதப் படிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர். அதன் சபை தனக்குள் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை அது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதிகள் இன்றைக்கும் வேண்டியவைதாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் வயலில் இறங்கியவர் எத்தனை பேர் அந்தக் குடத்துக்குள் இருந்தார்கள்? அடுத்த நூற்றாண்டில் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகப் பெயர் சொல்கின்றன. ஊர்தியில் குடமும் ஓலையும் கோயிலும் இருந்தன. சேரி படச்சட்டத்துக்கு வெளியே. மிராசுதாரர் ஹூப்பரின் சட்டத்துக்கு வெளியே நின்றதுபோலத்தான், ஆனால் தலைகீழாக. குற்றம் சாட்டப்பட வேண்டிய இடத்தில் நாம் மட்டும் இருக்கிறோம், பெருமைப்பட வேண்டிய இடத்தில் நாம் மட்டும் இல்லை.

நிற்பது பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. கேளிக்கைப் பூங்காவின் சிலை மனிதரைச் சிறு வயதில் நம்மில் பலரும் பார்த்திருப்போம். 1991 முதல் ஒருவர் ராஜ உடையில் மணிக்கணக்கில் இமைகூட அசைக்காமல் நிற்கிறார். சுற்றி நின்று சிரிப்புக் காட்டுவதும் கிண்டல் செய்வதும் அவரை அசைத்துப் பார்க்க முயல்வதும் நமக்கு வேடிக்கை. நாமும் செய்திருக்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. அவருக்கு அது வேலை. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். ஆளே வராத நேரத்திலும் உட்காரக்கூடாது, நிற்பதே மரியாதை என்ற எண்ணம் அதுவரை சட்டத்துக்கு உறுத்தவில்லை. நம் தாத்தாக்கள் ஆண்டையின் வாசலில் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதும் அதே எண்ணத்தின் கீழ்தான்.

அப்படியானால் இந்தக் கலையையே தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது என்பது எங்கள் நிலை. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1913-இல் நியூயார்க்கில் 'எத்தியோப்பியாவின் விண்மீன்' என்ற மாபெரும் காட்சித் தொடரை மேடையேற்றினார். எகிப்திலிருந்து அடிமைக் கப்பல் வழியாக விடுதலை வரை, தங்கள் வரலாற்றைத் தங்கள் உடல்களாலேயே, பேச்சைவிடக் காட்சியையே நம்பிச் சொன்னார்கள். 1915-இல் வாஷிங்டனில் நடந்தபோது ஏறத்தாழ ஆயிரம் பேர் நடித்தார்கள். வெள்ளையரின் விழாக்களில் கறுப்பர் வேலைக்காரராக மட்டுமே ஓரத்தில் நின்ற காலம் அது. யார் எங்கே நிற்பது என்பதை அன்று முடிவு செய்தவர் ஒரு கறுப்பர். மாற்றம் அங்கே இருக்கிறது.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் இன்னும் ஒரு படி போனார். ராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைப்பட்டு, நாடு கடந்து வாழ்ந்தபோது, 1973-இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தோடு வேலை செய்தார். மொழி தெரியாதவர்களும் எழுத்துத் தெரியாதவர்களும் பேச அவர் கண்ட வழிகளில் ஒன்று உறைநிலைப் படம். ஒருவர் சிற்பி, மற்றவர்கள் களிமண். சிற்பி வாய் திறக்காமல் மற்றவர்களின் கை, கால், கழுத்தை மடக்கி நிமிர்த்தித் தன் வாழ்க்கையின் ஒரு நொடியை அமைக்க வேண்டும். முதல் படம், இருப்பது. இரண்டாவது படம், இருக்க வேண்டியது. மூன்றாவது, முதலிலிருந்து இரண்டாவதுக்கு எப்படிப் போவது. பார்ப்பவர்களில் யாருக்கு உடன்பாடு இல்லையோ அவர் எழுந்துபோய்ப் படத்தை மாற்றலாம்.

தமிழ்நாட்டில் 1980-இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் பிறகு உடலை முதலாக வைத்த வீதி நாடகம் வேர்விட்டது. கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' வழியாக அந்த மேடைக்குத் தலித் அரசியலைக் கொண்டுவந்தார். அறிவொளிக் காலத்துக் கலைப்பயணங்களில் இத்தகைய பயிற்சிகளைக் கற்றவர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

குடியரசு நாளுக்கு அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவைப் பிள்ளைகள் இழுத்து வந்தார்கள். எழுபதைத் தாண்டியவர், சிறு வயது முழுக்கக் கழனி வேலை. "உன் சின்ன வயசு களத்துமேட்டக் காட்டு ஆயா" என்று கேட்டார்கள். முதலில் வெட்கப்பட்டார். பிறகு, முதுகு நோகுது என்று சொன்ன அதே பையனைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். அவன் தோளில் தன் துண்டைப் போட்டார். யோசித்துவிட்டு அதை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் மார்பில் கட்டவைத்தார். கழுத்தை அழுத்தினார். "இன்னும் கொஞ்சம்… இன்னும்… தோ, அப்டி." எதிரே ஒரு பெரிய பையனை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரவைத்தார். தள்ளி ஓரமாக ஒரு சிறுமியைக் குந்தவைத்து, மடியை விரித்துப் பிடிக்கச் சொன்னார். அது யார் என்று கேட்டோம். "நான்தான். சிந்துன நெல்லுக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஸ்டாச்சு ஆடும்போது ஒருவராவது சிரித்துவிடுவார்கள்.

இருக்க வேண்டியதைக் காட்டு என்றோம். பெரிய பையனை எழுப்பிவிட்டு நாற்காலியில் குனிந்து நின்றவனை உட்காரவைத்தார். அவன் நாற்காலியின் விளிம்பில் பாதி உடம்போடு உட்கார்ந்தான். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா, பஸ்ஸுல எடம் புடிச்சவன் மாதிரி ஒக்கார்ற? சாஞ்சி ஒக்காரு."

மூன்றாவது படத்துக்குத்தான் சண்டை. ஒருத்தி கையில் புத்தகத்தைத் திணித்தாள். இன்னொருவன் அம்பேத்கர்போல விரல் நீட்டி நின்றான். சின்னவன் ஒருவன் பெரிய பையனை அடிக்கிற மாதிரி கையோங்கினான். ஆயா எல்லோரையும் கலைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பதில் வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் வந்து, இங்கிருந்து ஆட்கள் காலை ரயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் கழனிக்குக் கூப்பிட்டவுடன் ஓடுவது குறைந்தது என்றார். பிள்ளைகளை வரிசையாக நெருக்கி நிறுத்தினார், கடைசியில் இரண்டு பேரைப் படியில் தொங்குவதுபோல ஒரு காலில் நிற்கவைத்தார். தன் வீட்டுக்காரர் அப்படித்தான் போவார் என்றார். ஒரு காலில் நின்றவர்கள் தடுமாறினார்கள், முன்னால் இருந்தவன் கூவத் தொடங்கினான், வரிசை நகர்ந்து அறையைச் சுற்றி வந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. அசையக்கூடாது என்ற விதியை நாங்கள் அன்று நினைவூட்டவில்லை.

ஏப்ரல் 14 விழாவில் இந்த மூன்று படங்களையும் காட்டப் போகிறோம். களத்துமேட்டில் நிற்கும் பையன் வேடத்துக்கு அவனே வேண்டாம், பெரிய பையனும் அவனும் மாறி மாறி நிற்கட்டும் என்று வகுப்பில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியரையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவன் அம்மாவுக்கு அன்றைக்கும் காலை வேலை இருக்கிறது, அதனால் நிகழ்ச்சியை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறோம். நாற்காலிகள் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது.